இலவச சட்ட உதவி: அம்மாவின் பங்குக்காக நடந்த இரண்டரை வருடம்

எங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில், ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. வாசலில் 'வட்ட சட்டப்பணிகள் குழு' என்று பலகை. இருபது வருடமாக அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறேன். வக்கீல்களுக்கான ஏதோ ஓர் அலுவலகம் என்று நினைத்திருந்தேன். 2022 ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல்முறையாக அதற்குள் போனேன். 2024 ஜூலையில் அம்மாவின் பெயரில் பட்டா வந்தது. நடுவில் நடந்ததை எழுதுகிறேன். இந்தச் சேவையைப் பயன்படுத்தியவர்கள் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று அன்றைக்குத் தேடிப் பார்த்தேன். அரசு அறிவிப்புகள்தான் கிடைத்தன. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். நாங்கள் எல்லோரும் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறோம்.

விஷயம் இதுதான். தாத்தா 1998-இல் இறந்தார், உயில் எழுதவில்லை. அவர் சம்பாதித்து வாங்கியது 1 ஏக்கர் 20 சென்ட் நிலமும் ஒரு ஓட்டு வீடும். ஆயாவும் சில வருடத்தில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் நான்கு பேர்: பெரிய மாமா, அம்மா, சின்ன மாமா, சித்தி. நிலத்தின் பட்டா எப்போதோ இரண்டு மாமாக்களின் பெயருக்கு மாறியிருந்தது. 2021-இல் நிலத்தை வாங்க ஆள் வந்து அளந்து பார்த்தபோதுதான் அம்மாவுக்கு அது தெரியும். போய்க் கேட்டார். "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்று பதில் வந்தது. பெரிய மாமாவுக்கு ரைஸ் மில் இருக்கிறது. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'முதலாளி'.

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அம்மா பிறந்தது 1959-இல். அவர் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னாலேயே எழுதி வைத்த உரிமையை, 63 வயதில் போய்க் கேட்க வேண்டியிருந்தது. நான் ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன், சம்பளம் 11,000 ரூபாய். தனியாக ஒரு வக்கீலைப் பார்த்தோம். முன்பணமே 40,000 கேட்டார். அவர் மேல் குறை இல்லை, அது அவர் தொழில். ஆனால் எங்களால் முடியாது. அப்போதுதான் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், அவர் சட்டத் தன்னார்வலர், 15100 என்ற எண்ணைச் சொன்னார். இது நாடு முழுக்க உள்ள சட்ட உதவி எண். கூப்பிட்டேன். தாலுகா நீதிமன்றத்தில் உள்ள குழுவில் மனு கொடுக்கச் சொன்னார்கள். இருபது வருடமாகக் கடந்து போன அதே அறை.

மனு ஒரு பக்கம்தான். ஆதார் நகல், தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாய்ப்பத்திர நகல், வில்லங்கச் சான்று எல்லாம் இணைத்தோம். அங்கே இருந்தவர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வருமானச் சான்று எங்கேம்மா?" என்றார். இல்லை என்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இ-சேவை மையத்துக்கும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் அலைந்ததில் எனக்கு மூன்று நாள் சம்பளம் போனது. அந்தத் தன்னார்வலர்தான் பிறகு விளக்கினார்: பெண்களுக்கு வருமானச் சான்றே வேண்டாம்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவு யார் யாருக்கு இலவச சட்ட உதவி என்று சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆள் கடத்தலுக்கும் கொத்தடிமை வேலைக்கும் ஆளானவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வெள்ளம், நிலநடுக்கம், சாதி வன்கொடுமை போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள். இவர்களுக்கு வருமானக் கணக்கு கிடையாது. இதில் எதிலும் வராதவருக்குத்தான் வருமான வரம்பு. அதையும் ஒவ்வொரு மாநிலமும் தனியாக வைத்திருக்கிறது. உச்ச நீதிமன்ற வழக்குக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். இன்னொன்றும் இருக்கிறது. மனு கொடுத்த 7 நாளுக்குள் உதவி உண்டா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. மனுவை வாங்காமலே திருப்பிவிட்டால் அந்த 7 நாள் தொடங்கவே தொடங்காது, பாருங்கள். அதனால் எந்தத் தாள் குறைந்தாலும் பரவாயில்லை, மனுவைக் கொடுத்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் போட்ட நகலை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

வழக்கு போடுவதற்கு முன்னால் குழுவே மாமாக்களுக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பேச்சுக்கு அழைத்தது. சின்ன மாமா வரவில்லை. பெரிய மாமா தன் கணக்குப்பிள்ளையை அனுப்பினார். வழக்குக்கு முந்தைய இந்தப் பேச்சுக்கு யாரையும் வற்புறுத்தி வரவழைக்க முடியாது. இரண்டு பக்கமும் இறங்கி வர நினைத்தால் நல்ல ஏற்பாடு. ஒரு பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருந்தால் தபால் செலவோடு முடிகிறது.

சரி, வக்கீலுக்கு வருகிறேன். இந்தச் சேவையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

குழுவின் பட்டியலில் இருந்து அம்மாவுக்கு ஒருவரை நியமித்தார்கள். முதல் சந்திப்பிலேயே "குமாஸ்தா செலவு, டைப்பிங் செலவு இருக்கும்மா" என்று 1,500 ரூபாய் வாங்கினார். வாங்கக் கூடாது. சட்ட உதவி வழக்கில் வக்கீல் மனுதாரரிடம் எந்தக் கட்டணமும் கேட்கவோ வாங்கவோ கூடாது என்று தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2010-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. கோர்ட் ஃபீஸ், சம்மன் அனுப்பும் செலவு, நகல் செலவு எல்லாவற்றையும் குழுவே ஏற்க வேண்டும். எனக்கு அன்று அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அம்மா கொடுத்திருப்பார். "ஓசியில வாதாடுறார், இதுகூடக் குடுக்கலைன்னா எப்படி?" என்றார். பிப்ரவரியில் பார்த்தவர் ஜூலை வரை பிராதே, அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவே, தாக்கல் செய்யவில்லை. போன் எடுக்க மாட்டார். நேரில் போனால், "கட்டு எங்கேயும் போகாதும்மா, உங்க வேலைதான் அடுத்தது" என்பார். அவருடைய மேசையில் காசு கொடுத்தவர்களின் கட்டுகள் மேலேயும் எங்கள் கட்டு அடியிலும் இருந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அந்த ஐந்து மாதத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. 'இலவசம்' என்ற சொல்லே இந்தச் சேவையைக் கெடுக்கிறது. கொடுப்பவர் தர்மம் செய்வதாக நினைக்கிறார், வாங்குபவர் கை நீட்டுவதாக நினைக்கிறார். அரசியலமைப்பு இதைத் தர்மமாக வைக்கவில்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. பணமில்லை என்ற காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படாமல் இருக்க அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 39-ஏ பிரிவை 1976-இல் சேர்த்தார்கள். 1979-இல் ஹுசைனாரா காதூன் வழக்கு வந்தது. பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள், குற்றம் உறுதியானால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையையும் தாண்டி அடைந்து கிடந்தார்கள். ஜாமீனுக்குப் பணம் இல்லை, பேச வக்கீல் இல்லை. கபிலா ஹிங்கோரணி என்ற வழக்கறிஞர் அதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். வசதியற்றவருக்கு வக்கீல் வைத்துத் தருவது நியாயமான விசாரணையின் ஒரு பகுதி, தனிமனித சுதந்திரத்தைப் பற்றிய 21-ஆவது பிரிவுக்குள் அடங்குவது என்று நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு 1987-இல் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்ததோ 1995 நவம்பர் 9-இல்தான். எட்டு வருடம் ஏட்டில் கிடந்திருக்கிறது. ஆட்கள் சிறையில் கிடந்து வாங்கித் தந்த உரிமைக்கு நாங்கள் 1,500 ரூபாய் கொடுத்துவிட்டுக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம்.

வக்கீல்கள் பக்கமும் ஒரு வார்த்தை. சட்ட உதவி வழக்குக்கு ஆணைக்குழு கொடுக்கும் தொகை, அவர்கள் தனியாக வாங்குவதோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. அதுவும் உடனே கைக்கு வருவதில்லை என்று எங்கள் இரண்டாவது வக்கீல் சொன்னார். சமத்துவத்துக்கு அரசு கொடுக்கும் கூலி அவ்வளவு குறைவாக இருந்தால், கட்டு அடியில்தான் போகும். இதைச் சரிசெய்யாமல் பட்டியலில் எத்தனை பெயர் சேர்த்தாலும் பயனில்லை.

ஜூலையில் நான் ஒரு கடிதம் எழுதினேன். குழுவின் தலைவர் வேறு யாரும் இல்லை, அதே நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்த நீதிபதிதான். அவருக்கு, கையால், ஒரே பக்கம். மனு கொடுத்த தேதி, வக்கீல் நியமித்த தேதி, நாங்கள் போய் நின்ற தேதிகள், கொடுத்த 1,500 ரூபாய், வக்கீலை மாற்றித் தர வேண்டும் என்ற கோரிக்கை, அவ்வளவுதான். திட்டவில்லை. அழுது எழுதவில்லை. பத்து நாளில் புது வக்கீல் வந்தார். 1,500 ரூபாயும் ஒரு உறையில் திரும்பி வந்தது, யார் கொடுத்தனுப்பியது என்று யாரும் சொல்லவில்லை. சட்ட உதவி வழக்குகள் எப்படிப் போகின்றன என்று பார்க்கக் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்று அந்த 2010 விதிகள் சொல்கின்றன. அந்த ஐந்து மாதத்தில் எங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கடிதம் போனதும் வேலை நடந்தது. அந்தக் கடிதத்தை எழுதத் தெரியாதவர் கதி என்ன என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. எங்களோடு அந்த அறை வாசலில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் கைநாட்டு.

இரண்டாவது வக்கீல் ஒரு பெண். மூன்றே வாரத்தில் பிராது தயார். தாக்கல் செய்வதற்கு முன்னால் அம்மாவை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், "இது சரியாம்மா? உங்களுக்குத் தெரிஞ்சதுதானா?" என்று கேட்டார். ஒரு வாய்தாவுக்குக்கூட அவர் வராமல் இருந்ததில்லை. மாமாக்கள் பக்கம் பெரிய வக்கீல், அவருக்குப் பின்னால் மூன்று ஜூனியர்கள். பதிலுரையில், ஆண் வாரிசுகள் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லிப் பெண் வாரிசு கேட்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். அது பழைய 23-ஆவது பிரிவு. 1956 சட்டம் சமபங்கு கொடுத்த கையோடு, ஆண்களாகப் பார்த்துப் பிரிக்கும் வரை வீட்டில் பங்கைப் பிரித்துக் கேட்காதே என்று பெண்களை நிறுத்தியும் வைத்திருந்தது. 2005 செப்டம்பர் 9-இல் அமலான திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. எங்கள் வக்கீல் எழுந்து அதை இரண்டே வரியில் சொன்னார். நீதிபதி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் அதைப் பிறகு எடுக்கவே இல்லை. வக்கீல் இல்லாமல் அம்மா தனியாக நின்றிருந்தால், அப்படி ஒரு பிரிவு இருந்ததோ போனதோ அவருக்கு எங்கே தெரிந்திருக்கும்? பெரிய வக்கீல் எழுதியதால் அதுதான் சட்டம் என்று நம்பி வீடு திரும்பியிருப்போம்.

முதல் வாய்தாவை மறக்க முடியாது. டவாலி வெளியே வந்து அம்மாவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். அப்புறம் பெரிய மாமாவின் பெயரை மூன்று முறை. ஐயா இல்லை, முதலாளி இல்லை. வெறும் பெயர், அதே குரல், அதே மூன்று தரம். வராந்தாவில் நின்றிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். மாமாவே ஒரு நொடி தயங்கித்தான் உள்ளே போனார். சட்டத்தின் முன் சமம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

2024 மார்ச்சில் தேசிய மக்கள் நீதிமன்றத்துக்கு வழக்கை எடுத்தார்கள். லோக் அதாலத் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துச் சமரசம் பேசி முடிக்கிற இடம். ஒரு சின்ன ஹாலில் மேசை போட்டு, நீதிபதி ஒருவரும் உடன் உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மாமாக்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா நின்றார். எனக்கு விவரம் தெரிந்து, அண்ணன் எதிரில் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. நீதிபதி நிமிர்ந்து பார்த்து, "நீங்களும் உட்காருங்கம்மா. எல்லாரும் உட்கார்ந்தாத்தான் பேசவே ஆரம்பிப்போம்" என்றார். அம்மா என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சித்தியும் உட்கார்ந்தார்.

ஆனால் அதே மேசையில்தான் எனக்கு வருத்தமான ஒன்றும் நடந்தது. மாமா ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் தருவதாகவும், நிலத்தைக் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். உறுப்பினர்களில் ஒருவர் அம்மாவிடம், "கூடப் பிறந்தவர்தானேம்மா. பொம்பளைப் புள்ளை, கொஞ்சம் விட்டுக் குடுத்தா உறவாவது மிஞ்சும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியும். ஆனால் விட்டுக் கொடுக்கச் சொல்லி அந்த மேசையில் யாரும் மாமாவைப் பார்த்துக் கேட்கவில்லை. சமரசம் என்று வந்தால் இறங்க வேண்டியவர் யார் என்பதை எல்லோரும் உட்காரும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். எங்கள் வக்கீல் வாய் திறக்கப் போனார். அதற்குள் அம்மா பேசினார்.

"மொதல்ல என் பங்கு எவ்வளவுன்னு எழுதுங்க ஐயா. விட்டுக் குடுக்கிறதா வேணாமான்னு அப்புறம் நான் சொல்றேன்."

நீதிபதி உடனே ஒரு தாளை எடுத்து எழுதினார். நிலத்தில் நான்கில் ஒரு பங்கு, 30 சென்ட். வீட்டிலும் நான்கில் ஒரு பங்கு. அந்தத் தாளை மேசை நடுவில் வைத்துவிட்டுத்தான் மேலே பேச்சு நடந்தது. ஒன்றரை மணி நேரம். கடைசியில் அம்மாவுக்கும் சித்திக்கும் தலா 30 சென்ட் நிலம், வீட்டுப் பங்குக்குப் பதிலாகத் தலா 3 லட்சம் ரூபாய், இரண்டு தவணையில். வீட்டின் மதிப்புக்கு அது கொஞ்சம் குறைவுதான். அதைத் தெரிந்தே அம்மா ஒப்புக்கொண்டார். தெரிந்து விட்டுக் கொடுத்தார், அது வேறு.

மக்கள் நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே எழுதும் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. சம்மதம் இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயமே இல்லை. வழக்கு பழையபடி கோர்ட்டுக்குத் திரும்பும், அவ்வளவுதான். அதனால் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் தாளில் உட்பிரிவு எண் தப்பாக இருந்தது. எங்கள் வக்கீல் பத்திர நகலைப் பக்கத்தில் வைத்து நான்கெல்லையையும் ஒப்பிட்டுப் பார்த்ததால் தெரிந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் கிணற்றடி நிலம் போய், பாறை நிலம் வந்திருக்கும்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கழித்த ஒன்றரையும் முதல் ஆறு மாதத்துக்கு. திருப்பிய மனுவுக்கும், அடியில் கிடந்த கட்டுக்கும், யாரும் வந்து கேட்காததற்கும். செலவைப் பொறுத்தவரை, வழக்குக்கு என்று ஒரு ரூபாய் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் ஒரு நாள் சம்பளம் போனது. நான் கணக்கு வைத்திருக்கிறேன், 31 நாள். தினக்கூலிக்குப் போகிறவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவது இதனால்தான். மகனை ஜாமீனில் எடுக்க மனு கொடுக்க வந்த ஒரு பெரியவர் இரண்டு முறை எங்களோடு காத்திருந்தார், மூன்றாவது முறை வரவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று இப்போதும் யோசிக்கிறேன். அந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச், குடிக்கத் தண்ணீர், இன்று எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று ஒரு தாள், இவ்வளவு இருந்தால்கூடப் பலர் தங்குவார்கள். மனுநீதிச் சோழன் ஆராய்ச்சி மணியைப் பசு எட்டி இழுக்கிற உயரத்தில் கட்டியிருந்தான் என்பதை அந்த வராந்தாவில் நின்றபோதுதான் கவனித்தேன்.

யாருக்காவது தயக்கம் இருந்தால், போங்கள். தனியாகப் போகாமல் எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். வக்கீல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை குழு அலுவலகத்தில் உங்கள் வழக்கின் நிலையைக் கேளுங்கள். மனு தள்ளுபடியானால் அதன் மேல் தலைவரிடம் முறையிடலாம், வக்கீல் சரியில்லை என்றால் மாற்றிக் கேட்கலாம். இரண்டும் உங்களுக்கு உள்ள வழிகள், யாருடைய தயவும் இல்லை.

சர்வேயர் வந்து அளந்து கல் நட்டது ஜூன் மாதம். பட்டா மாறுதலுக்காகத் தாலுகா அலுவலகத்தில் விவரம் பதிகிறவர், அம்மாவின் பெயரைத் தட்டிவிட்டு, "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா" என்றார். அப்பா பெயரையும் போடலாமா என்று அம்மா கேட்டார். போடலாமே என்றார் அவர். அம்மா தாத்தாவின் பெயரைச் சொன்னார். எழுத்து சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து திரையில் ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.